ஒத்தை விசில்

ஆடியில கிளம்பின கார் அடுத்த ஆனி வரைக்கும் நிக்காம சுத்துச்சுன்னு சொன்னா வெளியூர்க்காரங்க வாயைப் பொளக்கறாங்க, பெட்ரோல் எப்படித் தீரலை, டயர் எப்படித் தேயலைன்னு என்னைப் போட்டுக் குடையறாங்க, நான் என்ன மெக்கானிக்கா, தீரலைன்னா தீரலை, தேயலைன்னா தேயலை, அதுக்கு மேல எனக்குத் தெரியாது. கேக்க வேண்டிய கேள்வி அது இல்லை. ஓட்டின மனுஷன் ஏன் நிறுத்தலை, நிறுத்த விடாம யார் யாரு பாத்துக்கிட்டாங்க, கடைசியில நிறுத்தினது யாரு, அதைக் கேளுங்க, அடுப்பு வேலையைப் போட்டுட்டுக்கூடச் சொல்றேன்.

என் பேரு பச்சையம்மா. ரேஸ் மைதானத்துக்குள்ள ஏழாவது வளைவு ஓரமா இருக்கிற கேன்டீன் நான் நடத்தறது. நிலம் குடுத்தவங்க வீட்டுக்கு ஒரு பொழப்புன்னு கம்பெனிக்காரன் சொன்னான், சொன்னதுல பாதியைச் செஞ்சான், அந்தப் பாதியில எனக்கு விழுந்தது இந்த ஷெட்டு. முன்னே இந்த இடத்துல காஞ்சிபுரம் போற ரோடு வளையும், வளைவுல ஒரு புளியமரம், மரத்தடியில பஸ் நிக்கும், அதனால அதுக்குப் புளியமரத்து ஸ்டாப்பிங்னு பேரு. ரோட்டை அந்தாண்ட தள்ளிப் போட்டுட்டு, மரத்தை வெட்டிட்டு, எல்லாத்து மேலயும் தாரை ஊத்தி மெத்தை மாதிரி வழிச்சு வச்சிட்டாங்க. ரேஸ் வருஷத்துக்கு நாலஞ்சு தரம்தான் நடக்கும். மீதி நாளெல்லாம் சுத்திப் பாக்க வர்ற ஜனம்தான் கம்பெனிக்குச் சோறு போடுது. கார் நிக்கிற கொட்டகையைக் காட்டுவாங்க, இன்ஜினைப் பிரிச்சுக் காட்டுவாங்க, தலையில ஹெல்மெட்டை மாட்டிப் படம் புடிப்பாங்க, அப்புறம் சிவப்பு பெயின்ட் அடிச்சு நம்பர் ஒட்டின ஒரு காரைக் குடுத்து மூணு சுத்து நீயே ஓட்டிக்கோன்னு விடுவாங்க. பக்கத்துல கம்பெனிப் பையன் ஒருத்தன் உக்காந்துக்குவான். பொறந்த நாளு, கல்யாண நாளுன்னு பட்டணத்து ஜனங்க இதைப் பரிசாவே வாங்கிக் குடுக்கறாங்க.

அப்படித்தான் இந்துமதிங்கிற பொண்ணு அவங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பா தணிகாசலம், கவர்மென்ட் பஸ் டிரைவர், அந்த மாசம்தான் ரிட்டயர்டு. பாவம், ஆயுசு பூரா அடுத்தவங்களுக்காகவே ஓட்டினாரே, ஒரு தடவை தனக்காக ஓட்டட்டும்னு அந்தப் பொண்ணு நினைச்சிருக்கு. அம்மா சுலோச்சனா தயிர்சோத்துத் தூக்கோட பின்னாடியே வந்தாங்க. சுத்திக் காட்டின பொண்ணு இங்கிலீஷும் தமிழுமா இன்ஜினைப் பத்தி ஒப்பிச்சுக்கிட்டே வருது, இந்த மனுஷன் காதுல எதையும் வாங்காம, இங்க ஒரு புளியமரம் இருந்துச்சே, அது எந்தப் பக்கம்னு அதையே கேட்டுக்கிட்டு வந்தார். அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும். எனக்குத் தெரிஞ்சுது. முகத்தைப் பாத்த உடனே ஆளு யாருங்கிறதும் தெரிஞ்சு போச்சு.

எங்க ஊர்ல நாகம்மான்னு ஒரு கிழவி இருந்தா, மோர் விக்கிறவ. ரொம்ப வருஷம் முந்தி ஒரு நாள் காலையில பஸ்ஸு புளியமரத்துல நின்னு அவ மோர்ப் பானையோட இறங்கிக்கிட்டிருக்கிறப்ப, உள்ளே இருந்த பள்ளிக்கூடத்துப் பையன் எவனோ விளையாட்டுக்கு ரெட்டை விசில் அடிச்சுட்டான். ஒத்தை விசில்னா நிறுத்து, ரெட்டை விசில்னா போ, டிரைவருக்குத் தெரிஞ்ச பாஷை அவ்வளவுதானே. எடுத்துட்டார். பின் சக்கரத்துல கிழவி போய்ட்டா, ரோடெல்லாம் மோரு. அந்த டிரைவர் தணிகாசலம், அந்தக் கண்டக்டர் சையது பாஷா. அவர் மேல தப்பில்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு, ஆனா அவர் காலு ஒத்துக்கலை. அன்னையிலேருந்து பாஷாவோட விசில் தவிர வேற எந்த விசிலுக்கும் அவர் வண்டியை எடுத்ததும் கிடையாது, நிறுத்தினதும் கிடையாதுன்னு டிப்போவுல பேரு. பாஷா லீவுன்னா அவரும் லீவு. இதெல்லாம் அவர் வீட்டுல ஒரு வார்த்தை சொன்னதில்லைங்கிறது எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது.

டிப்போவிலேருந்து வண்டியை வெளியில எடுக்க விசில் வேணாம், ரோட்டுக்கு வந்தப்புறம்தான் விசில் கணக்கு. கம்பெனிக் கொட்டகை அவருக்கு டிப்போ மாதிரி இருந்திருக்கும்போல, சிவப்புக் காரைப் பதவிசா வெளியில எடுத்தார். பக்கத்துல கிஷோர்னு ஒரு பையன். இந்த ரோட்டுல நூத்தம்பதுல போகலாம் சார்னு அவன் சொல்றான், இவர் ஐம்பதைத் தாண்டலை. மூணு சுத்து முடிஞ்சுது, கட்டம் போட்ட கொடியை ஆட்டினாங்க, இவர் பாட்டுக்குப் போறார். சிவப்புக் கொடியை ஆட்டினாங்க, மஞ்சக் கொடியை ஆட்டினாங்க. தேர்தல் வந்தா ரோடு பூரா கொடிதான் தம்பி, கொடிக்கெல்லாம் நின்னா ஜனம் வேலைக்குப் போய்ச் சேருமான்னு கிஷோர்கிட்டச் சொல்லியிருக்கார். நிறுத்துங்க சார்னு அவன் கெஞ்சினதுக்கு, விசில் வரட்டும்னார். அவன் பின் சீட்டுக்குத் தாவிப் போய் நாக்கை மடிச்சு ஒரு விசில் அடிச்சிருக்கான். இவர் முகமே மாறிப் போச்சாம். "தம்பி, பாசஞ்சர் விசில் அடிக்கக் கூடாது. உயிர் போயிடும்"னு சொல்லிட்டு மறுபடி ரோட்டைப் பாத்துக்கிட்டார்.

ஏழாவது வளைவுல மட்டும், என் கடைக்கு நேரா, வண்டி தானா மெதுவாகும், ஓடி வர்ற ஆளு தொத்திக்கிற அளவுக்கு மெதுவாகும், அப்புறம் விசில் வராததனால நிக்காமலே போயிடும். சாயங்காலம் அந்த இடத்துலதான் கிஷோர் இடப்பக்கத்துப் பின் கதவைத் திறந்து குதிச்சான். தோள் எலும்பு போச்சு. கதவோட கொக்கியும் போச்சு, அதுலேருந்து அந்தக் கதவு சரியா மூடலை.

குறுக்கே ஒரு லாரியை நிறுத்திப் பாத்தாங்க. கோயம்பேட்டு நெரிசல்ல பஸ்ஸை நுழைச்ச மனுஷனுக்கு லாரியெல்லாம் ஒரு தடையா, புல்லுல ஒரு சக்கரத்தை இறக்கி நோகாம வளைச்சுக்கிட்டுப் போய்ட்டார். ரோட்டை முழுசா அடைச்சிடலாம்னு ஒருத்தன் சொன்னப்ப, கார் நசுங்கினா யார் பொறுப்புன்னு கம்பெனியில கேட்டாங்க. அந்தப் பேச்சு நடந்துக்கிட்டிருக்கிறப்பவே வேடிக்கை பாக்கற கூட்டம் கேட்டுக்கு வெளியில வரிசையில நிக்குது. மேனேஜர் பிரணவ் வரிசையைப் பாத்தான், காரைப் பாத்தான், அடைக்கிற பேச்சை அதோட விட்டான்.

எந்த அதிசயமும் ஒரு மாசம் கண்ணு முன்னால நின்னா பழகிப் போயிடும், இது ஓடிக்கிட்டே இருந்ததனால இன்னும் சீக்கிரமாப் பழகிடுச்சு. கம்பெனியில சுத்திக் காட்டற பொண்ணு இன்ஜினைக் காட்டின கையோட, இப்ப நம்ம நிக்காத டிரைவரைப் பாக்கலாமான்னு கூட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சுது. லைசென்ஸுக்கு எட்டுப் போடப் போறவங்க எலுமிச்சம்பழத்தைக் கொண்டாந்து அவர் வர்ற தடத்துல வச்சாங்க, நசுங்கினா பாஸு, உருண்டா ஃபெயிலு. புது லாரி வாங்கினவன் பூசணிக்காயோட வந்தான். கல்யாணம் கூடி வராத பொண்ணுங்க மாலையை ஜன்னல் வழியா உள்ளே வீசினாங்க. ரேஸு நடந்த அன்னைக்குக்கூட பெரிய பெரிய காரெல்லாம் விர்ருன்னு அவரைத் தாண்டிப் போகுது, இவர் தன் ஓரத்துல ஐம்பதுல போய்க்கிட்டிருக்கார், ஜெயிச்ச பையன் கோப்பையை வாங்கறதுக்கு முன்ன இவர் தடத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். எங்க ஊர்ல டிகாஷன் இறங்கறதுலேருந்து குழந்தைக்குப் பால் குடுக்கறது வரைக்கும் அவர் சுத்தை வச்சுத்தான் கணக்கு. எனக்கும் வியாபாரம் கொழிச்சுது, பொய் எதுக்கு, பஜ்ஜிக்கு வாழைக்காய் பத்தலை.

சுலோச்சனாம்மா ஒரு நாள் தவறாம வந்தாங்க. என் கடை பெஞ்சுல உக்காந்துக்குவாங்க, வண்டி மெதுவாகிறப்ப எழுந்து போய் ஜன்னல்கிட்ட ஒரு வாக்கியம் சொல்லுவாங்க, அவ்வளவுக்குத்தான் நேரம் இருக்கும். அடுத்த சுத்துல அவர் ஒரு பதில் சொல்லுவார். தண்ணி மோட்டார் ரிப்பேருங்கன்னு இவங்க. காயில் போயிருக்கும்னு அவர். மாடியில புறா கூடு கட்டியிருக்குங்கன்னு இவங்க. இருந்துட்டுப் போகட்டும்னு அவர். இப்படியே பொழுதுக்கும் ஓடும். கல்யாணம் ஆன நாளா அவர் விடியறதுக்கு முன்ன போவாராம், எல்லாரும் தூங்கினப்புறம் வருவாராம், ஞாயித்துக்கிழமை ஒரு பொணம் மாதிரித் தூங்குவாராம். "பச்சையம்மா, கழுத்துல தாலி ஏறினதுலேருந்து இந்த மனுஷன் என்கிட்ட இவ்வளவு பேசினதில்லை"ன்னு ஒரு நாள் சொன்னாங்க. அப்ப அவங்க முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பாத்து எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஏன்னா காருக்குத்தான் எதுவும் ஆகலை. அவருக்கு ஆச்சு. சுத்துக்குச் சுத்து பாக்கறவங்களுக்குத் தெரியாது, நாலு நாள் கடையைச் சாத்திட்டு வந்து பாத்தா தெரியும். தாடி நெஞ்சு வரைக்கும் இறங்குச்சு. சட்டைக்குள்ள ஆளு கரைஞ்சுக்கிட்டே வந்தார். அந்தம்மா இட்லிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாப் போட்டா அது பக்கத்து சீட்டுல விழும், ஸ்டியரிங்லேருந்து கையை எடுத்தாத்தானே திங்கறதுக்கு. இட்லி புளிச்சு, மாலை அழுகி, எலுமிச்சம்பழம் கறுத்து, கார் வர்றதுக்கு முன்னாடியே நாத்தம் வரும். ஜனங்க மூக்கைப் பொத்திக்கிட்டே கும்பிட்டாங்க. ராத்திரி பகல்னு இல்லாம முழிச்ச கண்ணு ரெண்டும் மொளகாய்ப் பழம். முதல்ல எல்லாம் வளைவுக்கு வளைவு விசில் என்னாச்சு, விசில் என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டிருந்தார். அப்புறம் அதையும் விட்டுட்டார்.

இந்துமதி லீவு நாள்ல எல்லாம் வரும். வந்து பெஞ்சோட மறுகோடியில உக்காரும். டிக்கெட் வாங்கிக் குடுத்த பாவி நான்தானேன்னு அதுக்கு ராவும் பகலும் அதே நினைப்பு. ஆரம்பத்துலயே ஒரு விசிலை வாங்கியாந்து வளைவுல நின்னு அடிச்சுப் பாத்துச்சு. அப்பா அதைத் திரும்பிப் பாத்து, தூரப் போம்மா, பிள்ளைங்க விசில் அடிக்கக் கூடாதுன்னு பதறிட்டார். பதறினதுல கார் ஒரு கணம் தடுமாறுச்சு. அதைப் பாத்த மேனேஜருக்குப் பயம் வந்துடுச்சு, எந்த விசிலுக்காவது நின்னு தொலைச்சிட்டா பொழப்பு என்னாகிறதுன்னு, அன்னைக்கே மைதானத்துக்குள்ள விசில் கூடாதுன்னு போர்டு வச்சுட்டான். செக்யூரிட்டிங்ககிட்ட இருந்த விசிலைப் புடுங்கினான். கேட்டுல குழந்தைங்க பீப்பியைக்கூடத் தடவிப் பாத்து எடுத்தாங்க. என் கடைக்கு வந்து, ஆன்ட்டி, குக்கருக்கு வெயிட் போடாதீங்கன்னான். அடப்பாவி, பருப்பு என்ன உங்கப்பன் வீட்டு ஊதல்லயா வேகும்னு கேட்டேன். கேட்டு என்ன பண்றது, அதுலேருந்து சட்டியிலதான் பருப்பு, வேகறதுக்குள்ள எனக்கு உசிரு போய் உசிரு வரும். ஊர்க்கூட்டத்துலயும் அதையே முடிவு பண்ணாங்க, மாரியம்மன் திருவிழாவுல விசில் விக்கக் கூடாதுன்னு. அந்தப் பொண்ணு கேட்டைத் தாண்டி வர்றப்ப பெத்த அப்பனைச் சாகடிக்க வர்றா பாருன்னு ஜாடை பேசினாங்க. பேசினவங்க பூரா பூ, பழம் விக்கிறவங்க.

பங்குனி வெயில்ல ஒரு நாள் மத்தியானம், இந்துமதி ஜன்னலோரம் நின்னு என்னப்பா வேணும்னு கேட்டுச்சு. கேட்டது ஒரு சுத்துல, பதில் அடுத்த சுத்துல. அவர் திரும்பிக்கூடப் பாக்காம மெல்லச் சொன்னார்.

"கால் வலிக்குதும்மா."

கோர்ட்டுல நிக்க வச்சப்ப வாயைத் திறக்காத மனுஷன். மூலம் வந்து ரத்தம் போனப்பகூட டியூட்டிக்குப் போன மனுஷன். அந்தப் பொண்ணு அப்படியே தரையில உக்காந்துடுச்சு. நான் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். நாகம்மா கதையையும் பாஷா விசிலையும் அன்னைக்குத்தான் அதுக்குச் சொன்னேன். முன்னமே தெரிஞ்சிருக்கும், வீட்டுல சொல்லியிருப்பார்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். கேட்டு முடிச்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பாஷா மாமா இப்ப எங்க இருக்கார்னு மட்டும் கேட்டுச்சு. பெஞ்சுல இருந்த அம்மாவுக்கு அது காதுல விழுந்துடுச்சு.

"நிறுத்தினா செத்துடுவார்டி," அந்தம்மா சொன்னாங்க. "சோறில்லாம தூக்கமில்லாம இத்தனை மாசம் ஓடினது மொத்தமா வந்து அவர் மேல விழும். ஓடறதனாலதான் உசிரோட இருக்கார்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

"அவர் உனக்காக ஓடறாரா, அவருக்காக ஓடறாரா? நீயே சொல்லு."

வண்டி வர்ற நேரம், அந்தம்மா எழுந்து ஜன்னல்கிட்டப் போய், முருங்கை பூ விட்டிருக்குங்கன்னு சொல்லிட்டு வந்து உக்காந்தாங்க. அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க.

பாஷாவை வாணியம்பாடியில மகன் வீட்டுல கண்டுபுடிச்சுது அந்தப் பொண்ணு. கண்டுபுடிச்சும் நொந்து போய்த் திரும்பி வந்துச்சு. அவருக்குத் தொண்டையில புத்து, குரல்வளையை எடுத்துட்டாங்க, கழுத்துல ஒரு ஓட்டை, மூச்சு அது வழியாத்தான் போகுது வருது. பேச்சும் கிடையாது, வாய் வழியா ஒரு தீக்குச்சியைக்கூட ஊதி அணைக்க முடியாது, அப்புறம் எங்க விசில் அடிக்கிறது. இந்துமதி சொன்னதையெல்லாம் கட்டில்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாராம். கேட்டு முடிச்சதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாராம். அவ்வளவுதாங்க்கா, முடிஞ்சு போச்சுன்னு என்கிட்டச் சொல்லி அழுதுச்சு.

ஆனா ஆனி மாசம் ஒரு காலையில அவரே வந்து இறங்கினார். ஒத்தையா, பஸ்ஸுல. காக்கிச் சட்டை, அதுவும் தோளைவிட்டு வழியுது, கழுத்தைச் சுத்தி வெள்ளைத் துணி. கேட்டுல செக்யூரிட்டி பையைக் கவுத்துப் பாத்தான், சட்டைப் பாக்கெட்டைத் தடவினான், கழுத்துத் துணிகிட்ட கை போனப்ப பெரியவர் துணியை லேசா விலக்கிக் காட்டினார், அந்த ஓட்டையைப் பாத்துட்டு அவன் கையை இழுத்துக்கிட்டான். துணி மடிப்புக்குள்ள விசில் இருந்தது அவனுக்குத் தெரியலை.

சுலோச்சனாம்மாவுக்குப் பாத்த உடனே புரிஞ்சுடுச்சு. ஓடிப்போய் அவர் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. "வேணாம் பாஷாண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், என் கண்ணு முன்னால அவர் சுத்திக்கிட்டே இருக்கட்டும்ணே." அவர் கையை விடுவிச்சுக்கலை. அந்தம்மா புடிச்ச புடியிலேயே நின்னுக்கிட்டு, வளைவைப் பாத்துக்கிட்டிருந்தார். இந்துமதி கொஞ்சம் தள்ளி, சேலைத் தலைப்பை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு நிக்குது. கார் வந்துச்சு. நாத்தம் முன்னால, கார் பின்னால. மெதுவாச்சு. மாலைக் குப்பைக்கு நடுவுல இருந்து தணிகாசலம் ஸ்டாப்பிங்ல நிக்கிற ஆளைப் பாத்தார், பாத்ததும் அந்தத் தாடிக்குள்ள ஒரு சிரிப்பு வந்துச்சு, அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த முகத்துல அன்னைக்குத்தான் பாத்தேன்.

"பாஷா, ஏம்ப்பா இவ்வளவு லேட்டு?"

கார் போயிடுச்சு. அந்தம்மா கையை விட்டுட்டாங்க.

அடுத்த சுத்து வந்தப்ப பாஷா காரோடு கூடவே ஓடினார். கண்டக்டர் காலு, வயசானா மறந்துடுமா, நாலு எட்டு ஓடி, கார் உடம்புல உள்ளங்கையால தட்டி, கொக்கி போன கதவைப் புடிச்சுத் தொத்தி உள்ளே போய்ட்டார். மேனேஜர் வாக்கி டாக்கியில கத்திக்கிட்டு ஓடி வர்றான், எலுமிச்சம்பழக்காரங்க ஐயோ ஐயோங்கறாங்க, யாரால என்ன செய்ய முடியும். ஒரு சுத்து சும்மா போச்சு. கார்ல ரெண்டு தலை தெரியுது, முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு, மைதானம் பூரா அந்த ரெண்டு தலையும் வெயில்ல போறதை நாங்க பாத்துக்கிட்டே நின்னோம். மறுபடி ஏழாவது வளைவுக்கு வந்துச்சு, மெதுவாச்சு, பாஷா கழுத்துத் துணியை அவுத்தார், விசிலை அந்த ஓட்டையில வச்சு அழுத்தினார், அடிவயித்துலேருந்து மூச்சை எடுத்து விட்டார்.

ஒத்தை விசில். ஈரமா, கரகரன்னு, பாதி மூச்சும் பாதி சத்தமுமா. நின்னுடுச்சு கார்.

புளியமரம் இருந்த இடத்துக்கு நேரா, பஸ்ஸு நிக்கிற மாதிரி ஓரம் கட்டி நின்னுச்சு. இத்தனை மாசம் ஓடின சத்தம் நின்னதும் காது ஙொய்ங்குது. இந்துமதி ஓடிப்போய் முன் கதவைத் திறந்துச்சு, அழுகின பூவெல்லாம் அது கால்ல சரிஞ்சு கொட்டுச்சு. அவர் இன்னும் ஸ்டியரிங்கை விடலை. இடப்பக்கத்துக் கண்ணாடியில பின் சக்கரத்தைப் பாத்துக்கிட்டிருந்தார்.

"எல்லாரும் எறங்கியாச்சா?"

பாஷாவுக்குப் பேச முடியாது. பின்னாலேருந்து அவர் தோள்ல கையை வச்சார், அவ்வளவுதான் முடிஞ்சுது. இந்துமதிதான் சொல்லுச்சு.

"எறங்கியாச்சுப்பா."

"அந்த மோர்க்காரம்மா?"

அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் குனிஞ்சு அவர் கை மேல தன் கையை வச்சுது.

"அவங்களும் எறங்கிட்டாங்கப்பா. பானையோட எறங்கிப் போய்ட்டாங்க."

அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைச்சார். அப்புறம் தலை ஸ்டியரிங் மேல சாஞ்சுது. ஆடி, ஆவணி, புரட்டாசின்னு எல்லா மாசமும் ஒரே மூச்சுல அவர் மேல இறங்கினதை நாங்க கண்ணால பாத்தோம், கொஞ்ச நேரத்துல அந்தச் சட்டைக்குள்ள தூக்கறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்லை. சுலோச்சனாம்மா ஜன்னல்கிட்ட வந்து நின்னாங்க. அந்தச் சுத்துக்குன்னு ஒரு வாக்கியம் யோசிச்சு வச்சிருந்திருப்பாங்கபோல, அதைச் சொன்னாங்க, புறாக் குஞ்சு பறக்கக் கத்துக்கிச்சுங்கன்னு. சொல்லிட்டு, பெஞ்சுக்கு வந்து உக்காந்து, அடுத்த சுத்துக்குப் பதில் வரும்னு காத்துக்கிட்டிருந்தாங்க. அதைப் பாத்துத்தான் எனக்கு அழுகை வெடிச்சுது.

எங்க ஊரிலேருந்து பாடை தூக்கறதுக்கு ஒருத்தன் வரலை. பழம் விக்கிறவன் எவனும் வரலை. கிஷோர் வந்தான், இன்னும் சரியாக் கூடாத தோளோட ஒரு பக்கம் புடிச்சான். பாஷா வாணியம்பாடிக்குத் திரும்பிப் போய்ட்டார், விசிலைக் கார் பின் சீட்டுலயே வச்சுட்டுப் போனார், அடுத்த ரம்ஜானுக்குள்ள அவரும் போய்ச் சேர்ந்தார். காரை இழுத்துக்கிட்டுப் போக வண்டி கொண்டாந்தாங்க, சங்கிலிதான் அறுந்துச்சு, கார் அசையலை. சரின்னு சுத்தி ஒரு கம்பி வேலி போட்டு, இதான் நிக்காத டிரைவர் நின்ன இடம்னு சுத்திக் காட்டற பொண்ணு இப்ப அதையும் காட்டுது. ரேஸுக்காரங்க கொஞ்சம் வளைஞ்சு போய்க்கிறாங்க. எலுமிச்சம்பழம் மறுபடி வர ஆரம்பிச்சிருக்கு.

விசில் கூடாதுங்கிற போர்டைக் கழட்டிட்டாங்க. நானும் நிம்மதியா ஒரு நாள் குக்கரை எடுத்துக் கழுவி, பருப்பைப் போட்டு, வெயிட்டை வச்சேன். முதல் விசில் வந்துச்சு. வந்ததும் வேலிக்குள்ள நின்ன கார்ல, சாவி எடுத்து, பேட்டரி செத்துக் கிடந்த கார்ல, பின்னாடி சிவப்பு லைட்டு ஒரு தரம் எரிஞ்சு அணைஞ்சுது. பிரேக்கை மிதிச்சா எரியுமே, அந்த லைட்டு. நான் பாத்தேன். பெஞ்சுல ஒரு கோடியில சுலோச்சனாம்மா இருந்தாங்க, மறுகோடியில இந்துமதி இருந்துச்சு, அவங்களும் பாத்தாங்க. அப்பா செத்த நாளா அம்மாவும் பொண்ணும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்லை, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அது புரிஞ்சுடுச்சு. ஒத்தை விசிலுக்கு அந்தக் காலு இன்னும் அங்க பதில் சொல்லுது. அப்ப ரெண்டாவது வந்தா? ரெட்டை விசில்னா போ. நான் துணிகூட எடுக்காம வெறுங்கையால குக்கரை இறக்கிட்டேன், கை கொப்புளிச்சுப் போச்சு.

அதுலேருந்து என் கடையில பருப்பு ஒரு விசிலோட சரி. அரைவேக்காடா இருக்குன்னு சாப்பிட வர்றவங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. ஏன் சட்டியில வேக வைக்கக் கூடாதான்னு நீங்க கேப்பீங்க. வச்சிருப்பேன், ஆனா ஒரு தரமாவது அந்த லைட்டு எரியறதைப் பாக்காம சுலோச்சனாம்மா வீட்டுக்குப் போக மாட்டேங்கறாங்க. தினமும் மத்தியானம் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல, ஆளுக்கொரு கோடியில உக்காந்து என் அடுப்பையே பாத்துக்கிட்டிருக்காங்க. முதல் விசில் வரும், சிவப்பு எரியும், பொண்ணு கண்ணை மூடிக்கும்.

"பச்சையம்மா," நேத்து அந்தம்மா கேட்டாங்க, எவ்வளவு நாளா அடக்கி வச்சிருந்தாங்களோ. "இன்னைக்குப் பருப்பு நல்லா வேகட்டுமே."

நான் குக்கரை இறக்கி வச்சிட்டு, அவங்க முகத்தைப் பாக்காம, இலையை எடுத்துப் போட்டேன்.